மதுரையைத் தாண்டும் எண்

முத்தையாபுரத்தில் வெள்ளம் வீட்டுக்குள் ஏறிய காலையில், ஒரே ஒரு சாமானைப் பரணில் தூக்கி வைக்கத்தான் விஜிலாவுக்கு நேரம் இருந்தது. தையல் மிஷினா, புருஷனின் கம்ப்யூட்டரா? வீட்டுக்குச் சோறு போடுவது மிஷின். ஆனால் கட்டிலில் உட்கார்ந்திருந்த ஜெர்சனின் முகத்தைப் பார்த்துவிட்டாள். தன் புத்தியைத் தானே திட்டிக்கொண்டு கம்ப்யூட்டரைத் தூக்கினாள்.

ஜெர்சன் கப்பலில் இன்ஜின் ரூம் ஆள். ஏணியிலிருந்து விழுந்து முதுகு போனபின் வீட்டோடு கிடந்தான். ஸ்பேனரைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வான். பேச்சும் அற்றுப்போய்க்கொண்டிருந்தது. அவனுக்கு மிஞ்சிய ஒரே பிடிப்பு, அந்தக் கம்ப்யூட்டரில் ஓடிய கணக்கு. உலகமெங்கும் ஆர்வலர்கள் ஆளுக்கொரு ராட்சத எண்ணை வாங்கி, அது பகா எண்ணா என்று சோதிக்கிறார்களாம். ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதாலும் மீதியின்றி வகுபடாவிட்டால்தான் பகா எண். இவனுக்கு வந்தது, பதின்மூன்று கோடிக்கும் அதிகமான இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, அதில் ஒன்றைக் கழித்த எண்.

"எழுதினா எம்புட்டு நீளம் வரும்?" என்று ஒருநாள் கேட்டிருந்தாள்.

"நம்ம வாசல்ல ஆரம்பிச்சு ரோட்டோட எழுதிட்டே போனா மதுரையத் தாண்டிரும்."

கிறுக்கு முற்றிவிட்டது என்று அன்று நினைத்துக்கொண்டாள்.

வெள்ளம் வடிந்து கரண்ட் வந்ததும், கணக்கு விட்ட இடத்திலிருந்து மறுபடி ஓடியது. ஒரு மத்தியானம், விஜிலா முற்றத்தில் மிஷினின் சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துருவேறிய சக்கரம் அசையவே மாட்டேன் என்றது. உள்ளேயிருந்து ஜெர்சன் கூப்பிட்டான்.

"ஏளா, முடிஞ்சிட்டு. பகா எண் இல்ல."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இதுக்கா என் மிஷின முங்க விட்டேன்? சரி, எதால வகுபடுதாம்?"

"அது தெரியாது."

"தெரியாமலா வகுபடும்னு சொல்லுது?"

"வகுபடும்ங்கது சத்தியம், அதுல மாத்தமே இல்ல. எதாலன்னுதான் ஒருத்தருக்கும் தெரியாது. அதக் கண்டுபிடிக்கது இதவிடப் பெரிய கணக்கு. நம்ம ஆயுசு காணாது."

துடைத்த கை நின்றுவிட்டது. யாரும் பார்த்திராத ஒரு எண் எங்கோ இருக்கிறது. மதுரையையும் தாண்டிப் போகிற அந்த எண்ணை, ஒரு பொட்டு மிச்சமில்லாமல் அது கூறு போடுகிறது. இருக்கிறது என்பது மட்டும் நிச்சயம்.

"எப்ப இருந்து இப்படி?" குரல் தணிந்தே வந்தது.

"எப்பவுமே. இந்தக் கடல் வாரதுக்கு முந்தியும் இப்படித்தான், கடல் வத்தினாலும் இப்படித்தான். மனுசருக்குத் தெரிஞ்சதுதான் இன்னைக்கு. மொதல்ல எனக்கு, இப்ப ஒனக்கு. நீ அன்னைக்கு இதத் தூக்காட்டி நமக்குத் தெரிஞ்சிருக்குமா?"

அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. மாதா கோயில் தேர் நிலையை விட்டு நகரும்போது வருமே, அதே நடுக்கம். இத்தனை நாளில் அவன் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

நிமிர்ந்தாள். ஜெர்சன் சுவரைப் பிடித்தபடி முற்றத்துக்கே வந்திருந்தான். மெல்லக் குனிந்து, அசையாத சக்கரத்தில் விரலை வைத்துப் பார்த்தான்.

"அந்த ஸ்பேனர எடுளா" என்றான்.