அவள் வெளியே போனால் கோல்

வேலையிடத்தில் அவனை எல்லோரும் ரிமோட் என்றுதான் கூப்பிடுவார்கள். ஏசி ரிப்பேர் பார்க்கிற ஆளுக்குப் பொருத்தமான பெயர்தானே என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் நினைத்துக்கொள்வார்கள். காரணம் அதுவல்ல. எந்தச் சேனலிலும் அவனுக்கு ஒரு நிமிடம் இருப்புக் கொள்ளாது. பாட்டு, சண்டை, செய்தி, சமையல், மறுபடியும் சண்டை என்று கட்டைவிரல் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு படத்தையும் முழுசாகப் பார்த்ததில்லை. ஆனால் எல்லாப் படத்தைப் பற்றியும் கைவசம் ஒரு தீர்ப்பு இருக்கும்.

வீடு வீடாகப் போகிற தொழில். அவன் ஏணியில் நின்று ஏசியின் வலைத்தட்டைக் கழற்றும்போது கீழே கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருக்கும். கை ஒரு பக்கம் வேலை செய்ய, வாய் இன்னொரு பக்கம் வேலை செய்யும். சீரியலில் இத்தனை பெரிய மாளிகையைக் காட்டுகிறார்களே, ஒரு சுவரிலாவது ஏசி உண்டா, அவ்வளவு நகையையும் மாட்டிக்கொண்டு அந்த அம்மா எப்படி வியர்க்காமல் அழுகிறாள் என்பது அவனுடைய நெடுநாள் சந்தேகம். எந்தக் கதாநாயகனும் காரை நிறுத்த இடம் தேடி அலைந்ததாகச் சரித்திரமே இல்லை என்பான். சமையல் போட்டிக்கு வருகிற நடுவர்கள் கரண்டி வாய்க்குப் போகும் முன்பே கண்ணை மூடிவிடுகிறார்கள், பிறகு என்ன ருசியைப் பார்க்கிறார்கள் என்பான். சில வீடுகளில் சிரிப்பார்கள். சில வீடுகளில், வேலை முடிந்துவிட்டால் ஏணியை மடக்கலாமே என்பார்கள்.

கால்பந்து என்று வந்துவிட்டால் மட்டும் சேனல் மாறாது. அதற்காக ஆள் சும்மா உட்கார்ந்திருப்பான் என்று நினைக்கக் கூடாது. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன் மாதிரி கூடத்துக்கும் சமையலறைக்கும் நடப்பான், பயிற்சியாளரைத் திட்டுவான், ரெஃப்ரியின் கண்ணைச் சந்தேகிப்பான், கமென்ட்ரி சொல்பவனுக்கு எதிர்க் கமென்ட்ரி சொல்வான்.

மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. டாக்டர்களின் கிறுக்கலைப் படித்துப் படித்து எதையும் நிதானமாகப் பார்க்கப் பழகியவள். கல்யாணமான புதிதில் இரண்டு பேரும் சேர்ந்துதான் மேட்ச் பார்த்தார்கள். அவன் வண்டி வண்டியாகக் கருத்து கொட்டி முடிப்பதற்குள் அவள் ஒன்றே ஒன்று சொல்வாள். அந்த ஆள் வலது காலை ஊனவே பயப்படுகிறான், வலி மாத்திரை போட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறான் என்பாள். கொஞ்ச நேரத்தில் அவனைத் தூக்கிக்கொண்டு போவார்கள். மறுநாள் அது ஏணி மேலிருந்து ரிமோட்டின் சொந்தக் கண்டுபிடிப்பாக வெளிவரும். அவளுக்கு அது தெரியும். சிரித்துக்கொள்வாள்.

போன சீசனின் செமி ஃபைனலில்தான் வினை பிடித்தது. நம்ம டீம் ஒரு கோல் பின்தங்கிக் கிடந்தது. மழை தூற ஆரம்பிக்கவே, காய்கிற துணியை எடுக்க அவள் பால்கனிக்குப் போனாள். நம்ம டீம் சமன் செய்தது. துணியோடு உள்ளே வந்தாள். எதிரணி ஒன்று போட்டது. ரிமோட் அந்தக் கோலை மறுபடி போட்டுக் காட்டியதைக்கூடப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தான். இன்னொரு தடவை பால்கனிக்குப் போயேன் என்றான். விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று அவளும் போனாள். நம்ம டீம் கோல் போட்டது. அத்தோடு சட்டம் பிறந்துவிட்டது.

பந்தாட்டப் பைத்தியங்களுக்கு இப்படி ஒரு கிறுக்கு இருக்கத்தான் செய்கிறது. ஜெயித்த அன்றைக்குப் போட்ட பனியனைத் துவைக்காமல் வைத்திருப்பான் ஒருவன். கால்மேல் கால் போட்ட நேரத்தில் கோல் விழுந்தால், மரத்துப்போனாலும் காலை எடுக்கமாட்டான் இன்னொருவன். பனியனுக்கும் காலுக்கும் மனசு கிடையாது. நம்மாளுக்கு வாய்த்ததோ பெண்டாட்டி.

முதலில் பால்கனி போதுமானதாக இருந்தது. பிறகு ஒரு நாள் அவள் கதவிடுக்கில் எட்டிப் பார்த்ததால்தான் தோற்றோம் என்று முடிவு செய்து படுக்கையறைக்கு அனுப்பினான். அங்கேயும் சத்தம் கேட்கிறதே என்று கடைசியில் வீட்டுக்கு வெளியே என்று ஆயிற்று. மேட்ச் தொடங்கும் நேரத்தில் இவன் அவளைப் பார்ப்பான், வாசலைப் பார்ப்பான். அவள் செருப்பை மாட்டிக்கொள்வாள். ஆரம்பத்தில் சிரித்தாள், அப்புறம் முனகினாள், அப்புறம் எதுவும் சொல்வதில்லை. எங்கே போகிறாய் என்று அவன் ஒரு நாளும் கேட்டதில்லை. எங்கேயாவது நடப்பாள், யாரையாவது பார்ப்பாள் என்று நினைத்துக்கொண்டான். டீம் ஜெயித்துக்கொண்டே வந்தது. அதுதான் கெடுதலாகப் போயிற்று.

இந்தப் புதன்கிழமை அவள் கடையிலிருந்து வந்து கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் ஒரு விஷயம் சொன்னாள். முதலாளி வேறொரு ஊரில் கிளை திறக்கிறார். பொறுப்பை அவளிடம் கொடுக்க நினைக்கிறார். தங்குவதற்கு மாடியில் ஒரு அறையும் உண்டு. ரயிலில் போனாலே அரை நாள் ஆகும். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும்.

"நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டாள்.

டிவியில் கேப்டனின் பேட்டி ஓடிக்கொண்டிருந்தது. "ஃபைனல் முடியட்டும், பேசிக்கலாம்" என்றான் ரிமோட். வியாழக்கிழமை திரும்பக் கேட்டாள். சனிக்கிழமையும் கேட்டாள். அதே பதில்தான்.

சீரியல் மாமியார்கள் அத்தனை பேரைப் பற்றியும் கருத்து வைத்திருந்தவனுக்கு இதில் மட்டும் இல்லாமல் போகுமா? இருந்தது. அவள் போகக் கூடாது. ஆனால் வாயைத் திறந்தால் அவள் ஏன் என்று கேட்பாள், அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும், பேச்சு எங்கெங்கோ போய் நிற்கும். அவனுக்குப் பயம். பயத்தைத் தூக்கி ஃபைனலுக்குப் பின்னால் வைத்துவிட்டான், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவன் வாசலைப் பார்ப்பதற்கு முன்பே அவள் கிளம்பிவிட்டாள். கதவை இவன்தான் போய்த் தாழ் போட்டான்.

மேட்ச் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே நம்ம டீம் கோல் போட்டது. அழகான கோல். இடது பக்கத்திலிருந்து வந்த பந்தைக் கேப்டன் தலையால் தட்டிவிட்டான். ரிமோட் துள்ளிக் குதித்து, "பார்த்தியா, நான் சொன்னேன்ல" என்று திரும்பினான். சோபாவில் மடிக்காத துணிகள்தான் கிடந்தன.

உட்கார்ந்தான், எழுந்தான். இரண்டாம் பாதி தொடங்கியது. இன்னும் நாம்தான் முன்னால் இருந்தோம். நியாயமாக அவன் தலைகால் தெரியாமல் ஆடியிருக்க வேண்டும். ஆனால் எதிலும் மனசு ஒட்டவில்லை. கமென்ட்ரிக்காரன் ஏதோ உளறினான், திட்டக்கூட வாய் வரவில்லை. ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டு எதையும் எடுக்காமல் மூடினான். ஜன்னலருகே போனான், வந்தான். சார்ஜரைத் தேடிப் படுக்கையறைக்குப் போனபோதுதான் அதைப் பார்த்தான். பரண் மேல் கிடந்த பெரிய பெட்டி கீழே வந்திருந்தது. தூசி துடைத்து, அலமாரியை ஒட்டி நிறுத்தி வைத்திருந்தாள்.

உடனே அவளுக்குப் போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவள் எடுக்கவில்லை. இன்னொரு முறை போட்டான். பிறகு டிவியை ஓடவிட்டபடியே கதவைத் திறந்துகொண்டு படியிறங்கினான். மேட்ச் நடுவில் அவன் வீட்டைவிட்டு வெளியே வந்தது அதுதான் முதல் தடவை.

தெரு வெறிச்சென்று இருந்தது. பஸ் நிறுத்தத்தில் யாருமில்லை. மருந்துக்கடை பூட்டியிருந்தது. பூங்காவின் பெஞ்சுகளில் ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது. இத்தனை நாளும் இந்தப் பெஞ்சுகளில் ஒன்றில்தான் உட்கார்ந்திருந்தாளோ, மழை பெய்த நாட்களில் என்ன செய்தாளோ என்று அப்போதுதான் யோசித்தான். தன்மேலேயே வெறுப்பாக வந்தது. ஓட்டமும் நடையுமாகத் திரும்பினான்.

கட்டடத்தின் படிகளில் ஏறும்போது ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒரே கமென்ட்ரி கேட்டது. ஒரு வீட்டில் உதைத்த பந்தை எதிர்வீட்டில் இன்னும் உதைக்கவில்லை. கேபிளுக்கும் நெட்டுக்கும் நடுவே அப்படி ஒரு இடைவெளி. இரண்டாவது மாடியில் ஒரு வீட்டுக் கதவு மட்டும் விரியத் திறந்திருந்தது. உள்ளேயிருந்து கணீரென்று ஒரு குரல், அந்தக் கோல்கீப்பருக்குத் தோள் சரியில்லை, மேலே வருகிற பந்தை இனி பிடிக்கமாட்டான் என்று சொல்லிக்கொண்டிருந்தது. அவளுடைய குரல்தான். இப்படி அவள் பேசிக் கேட்டு எத்தனையோ நாளாகிவிட்டது.

அது ஓய்வுபெற்ற பஸ் டிரைவரின் வீடு. டிரைவரும் அவர் மனைவியும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். டிவிக்கு நேர் எதிரே, நல்ல நாற்காலியில், ரிமோட்டின் மனைவி. மூன்று பேர் முகத்திலும் வியர்வை வழிந்தது. சுவரில் ஏசி இருந்தது, ஓடவில்லை.

வாசலில் நிழல் விழுந்ததும் டிரைவர் திரும்பினார். ஆளை அடையாளம் கண்டதும் அவர் முகம் மாறிவிட்டது. "தம்பி, தயவுசெஞ்சு இப்ப கூட்டிட்டுப் போயிடாதீங்க" என்றார். பிறகு அவரே எல்லாவற்றையும் கொட்டினார். ஒரு நாள் அவள் படியில் தனியாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்து உள்ளே கூப்பிட்டார்களாம். அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்த உடனே கோலாம். அன்றிலிருந்து அவள் வராமல் இங்கே யாரும் டிவியைப் போடுவதில்லையாம். ஏசி பழுதாகி ஒரு மாதமாகிறது, மாடியிலேயே மெக்கானிக் இருப்பதும் தெரியும், ஆனால் கூப்பிட்டால் வந்த இடத்தில் மேட்ச் பார்க்க உட்கார்ந்து அவளை வெளியே அனுப்பிவிடுவானோ என்று புழுங்கிக்கொண்டே பார்க்கிறார்களாம்.

ஒரே கோல்கள்தான். அவள் வெளியே போனதால் விழுந்தது என்று மேலே ஒருவன் கணக்கு வைத்திருந்தான், உள்ளே வந்ததால் விழுந்தது என்று கீழே இவர்கள் வைத்திருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து எதிரணி கோல் போட்டது. கோல்கீப்பர் கையைத் தூக்கினான், பாதிக்கு மேல் தோள் எழவில்லை. ஒருவரும் டிவியைப் பார்க்கவில்லை. டிரைவரின் மனைவி மிகுந்த மரியாதையோடு, "தம்பி தப்பா எடுத்துக்காதீங்க, கொஞ்சம் வெளியே நிக்கிறீங்களா?" என்றாள்.

அவன் வெளியே வந்து படியருகே நின்றான். உள்ளே நாற்காலி நகர்கிற சத்தமும், டிரைவர் பதறிக் கெஞ்சுகிற சத்தமும் கேட்டன. அவள் வந்து கதவருகே நின்றாள்.

"வா, வீட்டுக்குப் போகலாம்" என்றான்.

"மேட்ச் முடியலையே."

"மேட்ச் கிடக்கட்டும். பெட்டியைப் பார்த்தேன். நீ போகவேண்டாம். நீ இங்க இருக்கணும். அன்னைக்கு கேட்டல்ல, இதுதான் நான் நினைக்கிறது."

அவள் கோபமாக இருந்திருந்தால் அவனால் சமாளித்திருக்க முடியும். அவள் இரக்கத்தோடுதான் பார்த்தாள்.

"இதை புதன்கிழமை சொல்லியிருந்தா ஒத்துக்கிட்டிருக்கமாட்டேங்க. சனிக்கிழமை சொல்லியிருந்தாக்கூட ஒத்துக்கிட்டிருக்கமாட்டேன். இன்னைக்கு காலைல முதலாளிக்கு போன் பண்ணி வர்றேன்னு சொல்லிட்டேன்."

"ஃபைனல் முடியட்டும்னுதானே சொன்னேன்" என்றான். சொல்லும்போதே அவன் காதுக்கே அது அசிங்கமாக இருந்தது.

"மேல இருந்தா நான் வெளியே போகணும். இங்க வந்தா நான் எழுந்திருக்கக்கூடாது. இவங்க நல்லவங்கதான், ஆனா கூப்பிட்டது எனக்காக இல்ல, கோலுக்காக. அங்க கடையில எனக்குன்னு ஒரு நாற்காலி இருக்கும். எவன் ஜெயிச்சாலும் தோத்தாலும் நான் உட்காரலாம், நான் நினைச்சப்ப எழுந்திருக்கலாம். எனக்கு அது வேணும்."

அவள் சொல்லி முடிக்கவும் உள்ளே டிரைவர் அலறினார். அடுத்து மேல்மாடியில் ஒரு கூச்சல், அப்புறம் எதிர்வீட்டில், அப்புறம் தெருமுனை வரைக்கும் ஒன்றன்பின் ஒன்றாக. யார் போட்ட கோல் என்று அந்தக் கூச்சலிலேயே தெரிந்தது. ரிமோட் திரும்பிப் பார்க்கவில்லை. இத்தனை வருஷமாக இந்தக் கோப்பைக்காகத்தான் காத்திருந்தான். இப்போது அவன் தேடிக்கொண்டிருந்தது அடுத்துக் கேட்க ஒரு கேள்வி. அவளிடம் கேள்வி கேட்டுப் பழக்கமே இல்லை.

"அந்த ரூம் எப்படி இருக்குமாம்?" என்று ஒரு வழியாகக் கேட்டான்.

"சின்னதுதான். மொட்டைமாடிக்குக் கீழ. வெயில் அப்படியே இறங்குமாம்."

"ஏசி?"

"ஃபேன் மட்டும்தான்."

"நான் வந்து மாட்டித் தரேன்."

அவள் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. முந்தானையால் கழுத்து வியர்வையோடு சேர்த்து அதையும் துடைத்துக்கொண்டாள்.

"வாங்க. மேட்ச் இல்லாத நாளா பார்த்து வாங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.