தலை வாருவதற்கு முன்

அன்று காலை அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. சமையலறைக்குப் போனார், எதற்கு வந்தோம் என்பதை மறந்து திரும்பினார். சன்னலைத் திறந்தார், திறந்த கையோடு மூடினார். மேசைமேல் கிடந்த மனைவியின் கைபேசியைப் பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டே நடந்தார். செய்து வைத்திருந்த காரியம் அப்படி.

மனைவிக்கு மார்பில் வந்த புற்றுநோய் இப்போது இடுப்பெலும்பு வரை போயிருந்தது. வீட்டிலேயே இருந்து வலியைச் சமாளிக்கட்டும் என்று மருத்துவமனையில் அவள் கைபேசியில் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். இப்போது வலி எவ்வளவு என்று தினமும் காலையில் அது கேட்கும். பூச்சியத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணை அழுத்த வேண்டும். அந்தப் பக்கம் ஒரு நர்ஸ் அதைப் பார்ப்பாள். அதை வைத்துத்தான் டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும்.

இதில் தவறு நடக்க என்ன இருக்கிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அவள் பெரிய தங்கும் விடுதி ஒன்றில் அறைகளைச் சரிபார்க்கும் மேற்பார்வையாளராக இருந்தவள். மெத்தை விரிப்பில் ஒரு சுருக்கம் கண்ணில் பட்டால் போதும், அறை முழுவதையும் மறுபடி செய்யச் சொல்லுவாள். வீட்டிலும் அதே கறார்தான். அவர் அவளைச் ‘சூப்பர்வைசரம்மா’ என்று கூப்பிடுவது பாதி கேலி, பாதி பயம்.

காலையில் கண் விழித்ததும், திடீர் வலிக்கென்று கொடுத்த மாத்திரையை விழுங்குவாள். அது பிடிக்கும் வரை பல்லைக் கடித்துக் காத்திருப்பாள். பிறகு முகம் கழுவி, மருந்துக்குக் கொட்டிப் புதிதாக முளைத்திருந்த குட்டை முடியை வாரி, விரிப்பை இழுத்துவிட்டு, தலையணையில் நிமிர்ந்து சாய்ந்த பிறகுதான் கைபேசியைக் கையில் எடுப்பாள். இரண்டை அழுத்துவாள். அந்த நேரத்துக்கு அது பொய்யும் இல்லை.

“அது போன்தானேம்மா” என்று அவர் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

“போனுக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்காங்கல்ல? அழுது வடிஞ்ச மூஞ்சியோடவா உக்காருறது?”

அதோடு பேச்சு முடிந்தது. தன் நோயைப் பற்றித் தனக்காக வேறு யாரும் பேசக் கூடாது என்று அவரிடம் வாக்கும் வாங்கியிருந்தாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். பாரம் கூடினால் லிஃப்ட் நகராது, மணி அடிக்கும். இவளுக்கு அப்படி ஒரு மணியை வைக்காமல் விட்டாயே என்று, லிஃப்ட் இறங்கும் குழிக்குள் நின்றுகொண்டு அவர் கடவுளிடம் பலமுறை குறைப்பட்டிருக்கிறார்.

இன்று டாக்டர் எண்களையெல்லாம் பார்த்து, வரும் மாதத்துக்கான மாத்திரையை முடிவு செய்யும் நாள். எல்லாம் இரண்டு, இரண்டு, இரண்டு. அவள் முகம் கழுவப் போயிருந்தபோது, அவர் வாக்கை மீறி ஒன்பதை அழுத்திவிட்டார். அவள் வந்து, வாரி, சாய்ந்து, வழக்கம்போல இரண்டை அழுத்தினாள்.

கைபேசி அடித்தது. வீடியோ அழைப்பு. அவர் அதை எடுத்து அவளிடம் நீட்டினார்.

திரையில் வந்த நர்ஸ் மழையில் நனைந்திருந்தாள். நெற்றியில் முடி ஒட்டியிருந்தது, வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தாள். பஸ்ஸைத் தவறவிட்டு ஓடி வந்ததாகவும், ஒன்பதைப் பார்த்ததும் தலையைக்கூடத் துவட்டாமல் கூப்பிட்டதாகவும் சொன்னாள். அடுத்தாற்போல் ஓர் இரண்டும் வந்திருக்கிறதே, எது சரி என்று கேட்டாள்.

மனைவி அவர் பக்கம் திரும்பினாள். அந்தப் பார்வைக்கு முன்னால் ஒளிய இடமில்லை.

“நான்தான் அமுத்தினேன்” என்றார்.

“என் வலி உங்களுக்கு என்ன தெரியும்?” அவள் குரல் உயரவில்லை, அதுதான் அவரை அறுத்தது. “ஒன்பதாம்ல.”

“விடியக்காலைல போர்வையக் கடிச்சுக்கிட்டுத் திரும்பிப் படுப்பியே, எனக்குக் கேக்கக் கூடாதுன்னு. நான் தூங்குற மாதிரி கெடப்பேன்.”

அவருக்குத் தெரியும் என்பது அவளுக்கு அதுவரை தெரியாது. விரிப்பில் இல்லாத சுருக்கத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தாள்.

நர்ஸ் அவசரப்படாமல் வாயில் இருந்ததை முழுங்கினாள். மனைவியின் கண் திரையில் அவளுக்குப் பின்னால் போனது. “அந்த அலமாரிக் கதவு தெறந்து கெடக்கு” என்றாள்.

“சூப்பர்வைசர் வருவாங்கன்னு தெரிஞ்சிருந்தா மூடியிருப்பேன்க்கா.” மனைவியின் பழைய வேலை தெரிந்த நர்ஸ் சிரித்தாள். “நீங்க ரூம் பாக்கப் போறப்ப முன்கூட்டியே சொல்லிட்டுப் போவீங்களா?”

“சொல்லிட்டுப் போனா அப்புறம் எதுக்குப் போறது?” என்று சட்டென்று சொன்னாள்.

“எனக்கு நீங்க தினம் காட்டுறது, சொல்லிட்டு வந்து பாக்குற ரூம்தானேக்கா.”

வெளியே யாரோ வண்டியை உதைத்து உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது ஒருவழியாகக் கிளம்பியது.

“ஒன்பது இல்ல” என்றாள் கடைசியில், அவர் வேலையில் குறை கண்டுபிடித்தவளைப்போல. “எந்திரிக்கிறப்ப ஏழு. திரும்பிப் படுக்கறப்ப எட்டு. அந்த மாத்திரை போட்டப்புறம்தான் ரெண்டு.”

நர்ஸ் நன்றி சொன்னாள். டாக்டரிடம் உடனே பேசுவதாகவும், இனி கண் விழித்ததும், அந்த மாத்திரைக்கு முன்பே அழுத்தும்படியும் சொன்னாள். சாயங்காலமே புதிய அளவு வந்துவிட்டது. அன்று முழுவதும் மனைவி அவரிடம் தேவைக்கு மேல் பேசவில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தவரிடம், இனிமேல் என்னைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள் என்று மட்டும் சொன்னாள். அது நியாயம் என்று அவருக்கும் பட்டது. அன்பு இருக்கிறது என்பதற்காக அடுத்தவர் வாயைக் கடன் வாங்கிப் பேசிவிட முடியாது.

மறுநாள் காலை அவள் விழித்ததும், அவர் பழக்கத்தில் சீப்பை எடுத்தார். அவள் கையை நீட்டியது கைபேசிக்கு. முடி கலைந்திருந்தது, கண் வீங்கியிருந்தது, விரிப்பு ஒரு பக்கமாகச் சுருண்டிருந்தது. அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அங்க என்ன பார்வை? வந்து பாருங்க.”

ஐந்து. வலி போய்விடவில்லை. ஆனால் அவள் கடித்த தடம் போர்வையில் இல்லை.

“இப்ப வாரி விடுங்க” என்றாள். வாரினார்.

“வகிடு கோணல்” என்றாள், கண்ணாடியைப் பார்க்காமலே.