டீயோடு இரண்டு மாத்திரை

"தினமும் ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?" என்று டாக்டர் கேட்டபோது இன்னாசி இல்லை என்றுதான் சொன்னார். அவர் அறிந்து சொன்ன பொய் இல்லை. இருபது வருஷமாகச் சங்கு எடுக்கக் கடலில் மூழ்குகிற மனுஷன். காய்ச்சலுக்குக்கூட ஆஸ்பத்திரிப் பக்கம் ஒதுங்கியதில்லை. அப்படியிருக்க, கிட்னி எப்படிக் கெட்டது என்று டாக்டருக்கும் விளங்கவில்லை, அவருக்கும் விளங்கவில்லை.

"வள்ளம் ஏறுததுக்கு முன்னால டீயோட ரெண்டு வலி மாத்திரை போடுவீங்கல்லா, அதைச் சொல்லுங்க," என்றாள் மனைவி செலின்.

இன்னாசிக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "அது மருந்தா? சீக்குக்குப் போட்டாத்தான் மருந்து. இது வேலைக்குப் போடுதது. எல்லாரும்தான் போடுதாங்க."

மெடிக்கல் கடையில்தான் வாங்குகிறார், சரி. அங்கே சோப்பும் பிஸ்கட்டும்கூடத்தான் விற்கிறார்கள்.

"அதுதான் கிட்னியைக் கெடுத்திருக்கு. இனி தொடவே கூடாது," என்று சொல்லிவிட்டு டாக்டர் வேறு மாத்திரைகளை எழுதிக் கொடுத்தார். இன்னாசி சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதைப் போட்டா வலியில்லாம கடல்ல இறங்கலாமா, டாக்டர்?"

"கடல்ல இறங்கவே கூடாது."

"அப்போ இது எதுக்கு மருந்து?"