ஊசியா, பட்டையா

“ரெண்டுமே நோயை ஏறக்குறைய ஒரே அளவுக்கு அடக்கும். எது வேணும்னு நீங்களே சொல்லுங்க” என்றார் டாக்டர். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. நான் ஏசி மெக்கானிக். கம்ப்ரசர் போய்விட்டால் மாற்றுங்கள் என்று சொல்வேனே தவிர, வாடிக்கையாளர் தலையில் முடிவைக் கட்டிவிட்டு வேடிக்கை பார்க்க மாட்டேன்.

புரோஸ்டேட் புற்று சுரப்பியைத் தாண்டி வெளியே கால் வைத்துவிட்டதாம். எலும்பு வரைக்கும் போகவில்லையாம். கதிர்வீச்சோடு ஆண் ஹார்மோனையும் அடக்க வேண்டும். அதற்கு மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி, இல்லையென்றால் தோலில் ஒட்டி அடிக்கடி மாற்றும் பட்டை. ஊசி போட்டால் உடம்பு திடீர் திடீரென்று கொதிக்கும், எலும்பு பலவீனமாகும். பட்டையில் அந்தத் தொல்லை குறைவு, ஆனால் மார்பு வீங்கும். ஆசை இரண்டிலுமே போய்விடும் என்று டாக்டர் தயங்கித் தயங்கிச் சொன்னார். “அந்தக் கடையைப் பூட்டி ரொம்ப நாளாச்சு டாக்டர்” என்றேன். அவர் சிரிக்கவில்லை.

“சரி, வீட்டுல கேட்டுட்டு சொல்றேன்.”

செலவைச் சொன்னதும் நழுவுவதற்கு என் வாடிக்கையாளர்கள் எடுத்துவிடும் வசனம் இது. மனதுக்குள் எத்தனை பேரைத் திட்டியிருப்பேன். இப்போது என் வாயிலேயே வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற நர்ஸ், “அடுத்த தடவை அம்மாவையும் கூட்டிட்டு வாங்க” என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன். என் மனைவி இறந்து மூன்று வருடமாகிறது.

மாதவிடாய் நிற்கிற சமயத்தில் அவளுக்கும் இப்படித்தான் உடம்பு கொதிக்கும். ஏசியைப் பதினெட்டில் வைப்பாள். நான் இருபத்தாறுக்கு ஏற்றிவிட்டுக் கம்பளிக்குல்லாய் மாட்டிக்கொண்டு படுப்பேன். “ஊருக்கெல்லாம் குளிர் விக்கிற மனுஷனுக்கு வீட்டுல மட்டும் நடுக்கமா? ஒரு நாளாவது இந்தச் சூடு உங்களுக்கு வரணும். அப்பத்தான் தெரியும்” என்பாள். அவள் போனபிறகு அந்த ஏசியை நான் போட்டதே இல்லை. ஊரார் வீட்டு ஃபில்டரையெல்லாம் கழுவுகிறவன் வீட்டு ஏசியில் தூசி அப்பிக் கிடந்தது.

அன்று மாலை கட்டிலில் அவள் படுக்கும் பக்கமாக உட்கார்ந்தேன். “ஊசியா, பட்டையா? சொல்லித் தொலை” என்று வாய்விட்டே கேட்டேன். வேர்த்து வழிந்து வேலை பார்க்கிறவன் பட்டையைத்தான் கேட்பான். ஆனால் அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியாதா? குலுங்கிக் குலுங்கிச் சிரித்தேன். சிரிப்பு அடங்கியதும் சமையலறையில் ஃப்ரிட்ஜ் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பயமாக இருந்தது.

“வீட்டுல ஊசிதான்னு சொல்லிட்டாங்க” என்று டாக்டரிடம் சொன்னேன். போட்டார்கள்.

சில வாரங்களில் சூடு வந்தது. ஓர் அலுவலகத்தில் ஏணி மேல் நின்றபோது மார்பிலிருந்து காது வரை குப்பென்று ஏறியது. சட்டை தொப்பலாகிவிட்டது. வேலையை அரைகுறையாக விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். ஃபில்டரைக் கழுவி மாட்டி, ஏசியைப் பதினெட்டில் வைத்து, கீழே உட்கார்ந்தேன். “அடிப்பாவி, இதையா இத்தனை வருஷம் தாங்கின?” என்றேன். இதைச் சொல்ல எனக்கு இருந்தது அவள் ஒருத்திதான். வெட்கத்தை விட்டு அழுதேன்.

அடுத்த ஊசிக்குப் போனபோது அதே நர்ஸ்தான் இருந்தார். “சூடு எப்படி இருக்கு? நீங்க ஏசியைக் கூட்டி வெச்சா அம்மாவுக்குக் குளிருமே” என்று கேலி செய்தார்.

எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அலுத்துவிட்டது. “அவ இல்லம்மா. போய் மூணு வருஷத்துக்கு மேல ஆச்சு.”

ஊசி போட்ட இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். “வீட்டுல கேட்டுத்தான் முடிவு பண்ணேன்னு சொன்னீங்களே. யாரைக் கேட்டீங்க?”

“அவளைத்தாம்மா கேட்டேன்.”

அவர் பஞ்சை எடுக்கவில்லை. ரத்தம் எப்போதோ நின்றிருக்கும். நானும் எடுக்கச் சொல்லவில்லை.