இடம் பிடித்த ஜன்னல்கள்

2004 மே 11, செவ்வாய்க்கிழமை நண்பகலில், திருவொற்றியூரில் ஒரு தனியார் கன்டெய்னர் யார்டின் மையக் கணினியான சர்வர் நின்றது. அப்போது அதில் முந்நூறுக்கும் மேற்பட்ட ஜன்னல்கள் திறந்திருந்தன.

பெரும்பாலானவற்றைத் திறந்தவர் வாசல் எழுத்தர் ஞானம். டிரெய்லர் ஒன்று சாலை வரிசையின் கடைசியில் வந்து நின்றதும் கிளீனர் ஓடிவந்து வண்டி எண்ணைச் சொல்வான். ஞானம் கணினித் திரையில் அந்த வண்டிக்கென்று ஒரு ஜன்னலைத் திறந்து, எண்ணை அடித்து, அப்படியே விட்டுவைப்பார். பிறகு திறந்த வரிசைப்படிதான் கூப்பிடுவார். முறை வர ஒரு நாள்கூட ஆகும். அதுவரை ஓட்டுநர் இறங்கிப் போய்ச் சாப்பிடலாம், குளிக்கலாம், நிழல் பார்த்துத் தூங்கலாம். தண்ணீர் லாரிக்கு முந்தின நாளே குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போகிற ஊர் அது. குடம் நின்றால் ஆள் நிற்பதாகக் கணக்கு. ஞானத்துக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அன்று மாலை மேலாளர் சண்முகவேல் அவரைக் கூப்பிட்டனுப்பினார்.

"வண்டி வராமலே ஜன்னலத் தொறந்து போட்டா மிஷின் எப்படி தாங்கும்வே? இன்னொரு தடவ நின்னுச்சுன்னா நீரு வீட்டுக்குப் போயிரலாம்."

ஞானத்துக்கு ஐம்பத்து மூன்று வயது. எண்ணூரில் அவர் வேலை பார்த்த தொழிற்சாலை மூடிய பிறகு பல வருடம் கிடைத்த வேலையெல்லாம் செய்து, கடைசியில் ஒப்பந்தக்காரர் ஒருவர் மூலம் கிடைத்த நாற்காலி இது. இனி வேறொன்று கிடைக்காது என்று அவருக்கும் தெரியும், அவர் மனைவி சுகிர்தத்துக்கும் தெரியும்.

சர்வரைப் பார்த்துக்கொண்டவள் கார்குழலி. வியாசர்பாடி ஹவுசிங் போர்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவள். புதன்கிழமை காலை முழுக்க உட்கார்ந்து பார்த்ததில் அவளுக்கு ஒன்று பிடிபட்டது. நினைவகத்தைத் தின்றது கன்டெய்னர்களின் விவரம் அல்ல. அந்த விவரம் நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணைகள்தான் தின்றன.

கணினி தன் நினைவகத்தைச் சிறுசிறு பக்கங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒரு பக்கம் நான்கு கிலோபைட். ஒவ்வொரு பக்கமும் எங்கே கிடக்கிறது என்பதற்கு அட்டவணையில் ஒரு பதிவு வேண்டும். கன்டெய்னர் விவரங்களை வைத்திருக்கும் மென்பொருளான தரவுத்தளம் நினைவகத்தில் பிடித்திருந்த பொது இடத்துக்கு அப்படி ஏறக்குறைய நான்கு லட்சம் பதிவுகள். எல்லா ஜன்னல்களும் பார்ப்பது அதே இடத்தைத்தான் என்றாலும், ஒவ்வொரு ஜன்னலும் தனக்கென்று ஓர் அட்டவணை முழுசாக வைத்துக்கொள்ளும். சும்மா திறந்து கிடக்கிற ஜன்னலும் அப்படித்தான். முந்நூறு ஜன்னல்களுக்கு ஒரு ஜிகாபைட் அட்டவணையிலேயே போனது. இதற்கு வழி இருந்தது. அதே இடத்தை இரண்டு மெகாபைட் அளவுள்ள பெரிய பக்கங்களாகக் கொடுத்தால், ஐந்நூற்றுப் பன்னிரண்டு பதிவுகள் இருந்த இடத்தில் ஒன்று போதும்.

ஆனால் பெரிய பக்கத்துக்கு நினைவகத்தில் விடாமல் தொடர்ந்து இடம் காலியாக இருக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் காலி இடம் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கும். கணினியை முழுவதும் நிறுத்தி, திரும்ப ஏற்றும்போதே ஒதுக்கிவிடுவதுதான் சரியான முறை. அதற்குச் சண்முகவேல் கொடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை.

அவள் வாசலுக்குப் போனாள்.

"இன்னாம்மா, மிஷினுக்குச் சுளுக்கு எடுத்துட்டியா?" என்றார் ஞானம்.

"எடுக்கலாம்ணா. ஞாயித்துக்கெழம வரிக்கும் நீங்க ஜன்னல் தொறக்காம இருக்கணும். அவ்ளோதான்."

எண்ணைச் சொல்ல வந்திருந்த ஓட்டுநர் மண்ணாங்கட்டி கம்பிக்கு வெளியிலிருந்து தலையை நீட்டினான். "அது வரிக்கும் நாங்க ஸ்டேரிங்க கட்டிப் புட்ச்சிகினு குந்திகினு கெடக்கணுமா? அக்னி நட்சத்திரம்மா. கேபின்ல முட்டய வச்சின்னா குஞ்சே பொரிச்சிரும்."

"நீ சும்மா இருடா."

"நா சும்மா கீறேன் மாமு. வெயிலு சும்மா இல்லியே."

ஞானம் அவன் எண்ணை அடித்து ஜன்னலைத் திறந்து வைத்தார். அவன் போன பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நேத்து மிஷின் நின்னப்போ ஒரு பையன் கேபின்லயே மயங்கி வுழுந்துட்டான். ஆந்திராக்காரப் பையன். தண்ணி தெளிச்சி எழுப்பினோம். என்னால தொறக்காம இருக்க முடியாதும்மா."

"வேல பூடும்ணா."

"தெர்யும். நீ இன்னா செய்வியோ, சுருக்க செய்."

அன்று மாலை, டீ நேரத்தில் வாசல் அடைத்திருந்தபோது, கார்குழலி தரவுத்தளத்தை மட்டும் நிறுத்தினாள். கணினியை நிறுத்தவில்லை. ஓடுகிற கணினியிடமே பெரிய பக்கங்களைக் கேட்டாள். கேட்டதில் பாதிக்குச் சற்று மேல் கிடைத்தது.

அவள் வளர்ந்த இடத்தில் பாதிக் குடம் கிடைத்தால் யாரும் அதைக் கொட்டிவிட்டு வருவதில்லை. கிடைத்தவரை பெரிய பக்கங்களில், மிச்சம் சிறிய பக்கங்களில் என்று தரவுத்தளம் எடுத்துக்கொள்ளும் என அவள் நம்பினாள். அதை ஓடவிட்டாள். ஏழு மணி வரை பார்த்தாள். மாலையில் ஜன்னல்கள் குறைவு. எல்லாம் வேகமாகவே நடந்தது.

போகும்போது வாசலில் நின்று சொன்னாள்: "தொறங்கணா. எவ்ளோ வேணா தொறங்க."

தரவுத்தளம் பாதியை எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கு முழு இடமும் பெரிய பக்கங்களில் வேண்டும், இல்லையென்றால் ஒன்றுகூட வேண்டாம். ஆகவே அது பழையபடி சிறிய பக்கங்களிலேயே ஏறியிருந்தது. ஒதுக்கிய பெரிய பக்கங்களை வேறு யாரும் பயன்படுத்த முடியாது. அவை பூட்டிய அறைபோல் காலியாகக் கிடந்தன. செவ்வாய்க்கிழமை இருந்ததைவிடக் குறைந்த இடத்தில், அதே அட்டவணைகள் வளர்ந்தன.

வியாழக்கிழமை தேர்தல் முடிவு வந்துகொண்டிருந்தது. சாலையில் வெடி வெடித்தார்கள். நண்பகல்கூட ஆகவில்லை, சர்வர் நின்றது.

கார்குழலி சண்முகவேலின் அறைக்குப் போனாள். "சார், இது ஞானம் அண்ணன் தப்பு இல்ல. நேத்து நான்தான் பக்கத்த மாத்தினேன். பாதிதான் கெடச்சுது. அதோட உட்டுட்டேன்."

அவர் குறுக்கே பேசாமல் முழுவதும் கேட்டார். பிறகு, "பாதிப் பக்கம் முழுப் பக்கம்னு மேல சொன்னா யாருக்கும்மா வெளங்கும்? முந்நூறு ஜன்னல்னா எல்லாவனுக்கும் வெளங்கும். கான்ட்ராக்டருக்குச் சொல்லியாச்சு" என்றார்.

"நான் நின்னுக்கிறேன் சார். அவர வச்சிக்கங்க."

"நீ நின்னுட்டா மிஷின யாரு பாக்குறது?"

அவள் வாசலுக்கு வந்தபோது ஞானம் டிபன் டப்பாவைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். "போய் வேலயப் பாரும்மா, வண்டிங்க நிக்குது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் கணினியை நிறுத்தி, ஏறும்போதே பெரிய பக்கங்களை ஒதுக்கினாள். கேட்டது முழுவதும் கிடைத்தது. இந்த முறை தரவுத்தளம் அவற்றில் உட்கார்ந்ததா என்று எண்ணிக்கையைப் பார்த்து உறுதி செய்துகொண்டாள். பிறகு ஆளில்லாத வாசல் அறையில் ஞானத்தின் நாற்காலியில் உட்கார்ந்து, எந்த வண்டியும் இல்லாமல் ஜன்னல்களைத் திறந்துகொண்டே போனாள். ஐந்நூறு வரை திறந்தாள். சர்வர் அசையவில்லை.

அங்கிருந்து நேராகக் காசிமேட்டில் ஞானத்தின் வீட்டுக்குப் போனாள். சுகிர்தம் நாற்காலியை எடுத்துப் போட்டாள். காபி வேண்டுமா என்று கேட்கவில்லை.

"அன்னிக்கி நீ தொறக்கச் சொன்னியாமே" என்றாள்.

"ஆமாக்கா."

"இவருக்கும் புத்தி வேணும். ஒரு நாலு நாளு கைய வச்சிகினு சும்மா இருந்தா இன்னாவாம்?"

"உடு சுகிர்தம்" என்றார் ஞானம். "இப்போ எத்தினி தாங்குதும்மா?"

"ஐந்நூறு தொறந்து பாத்தேன். தாங்குதுணா."

"ஐந்நூறா?" என்றார் அவர். "புதுசா வர்றவன் கைல சொல்லு. பசங்களுக்குத் தொறந்து வைக்கச் சொல்லு."

சொல்கிறேன் என்றாள்.

ஜூன் முதல் வாரத்தில் வாசலுக்குப் புதிய எழுத்தர் வந்தார். கார்குழலி சொன்னாள். வண்டி வாசலுக்கு வருமுன் ஜன்னல் திறக்கக் கூடாது என்று அவருக்கு ஏற்கெனவே உத்தரவு இருந்தது. ஓட்டுநர்கள் வண்டியைவிட்டு இறங்காமல் காத்திருந்தார்கள். ஞானம் மணலியில் ஒரு லாரி எடைமேடையில் காவலாளியாகச் சேர்ந்தார். சர்வர் அந்த வருடம் மறுபடி நிற்கவில்லை. அதில் ஒரே நேரத்தில் நாற்பது ஜன்னல்களுக்கு மேல் யாரும் திறக்கவில்லை.