ஒரே உலை

ஜெயரூபி அன்று வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அரசாங்க உதவிக்குக் குடும்பங்களைப் பதிய வந்த உத்தியோகத்தர் தவராசா, "ஒரு வளவில ரெண்டு வீடு, சமையல் தனித்தனியோ அக்கா?" என்று கேட்டதும் அவளுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"என்ன தம்பி கதைக்கிறீங்கள்? நானும் தங்கச்சியும் வேற வேறயா உலை வைக்கிறதோ? அம்மா இருக்கேக்க இருந்து எங்களுக்கு ஒரே குசினிதான்!"

கடலோரக் கிராமமான சல்லியில் அவர்களுக்குத் தாய்வளவில்தான் வீடு. முன்வீடு அவளுக்கு, பின்வீடு தங்கை நிருஜாவுக்கு, நடுவே குசினி. பிரித்துச் சமைத்தால் அக்கா தங்கைக்குள் சண்டை என்று ஊர் சிரிக்கும். அரசாங்கத்துக்கோ ஒரே உலை என்றால் ஒரே குடும்பம். நிருஜாவின் புருஷனிடம் எஞ்சின் வள்ளம் இருந்ததால் ஜெயரூபியும் வசதிக்காரியாகிவிட்டாள். அதுவரை கிடைத்துவந்த உதவி வெட்டுப்பட்டது. ஜெயரூபியின் புருஷனோ இரண்டு பிள்ளைகளையும் விட்டுவிட்டுத் தோப்பூரில் வேறொருத்தியோடு இருக்கிறான். அவனை எந்த உத்தியோகத்தரும் தேடிப் போகவில்லை. இதைக் கேட்க ஒரு நாதியில்லை!

அவள் அரசாங்கக் கந்தோருக்கு நடையாய் நடந்தாள். "தனிக் குடும்பம் எண்டு காட்டுங்கோ, வந்து பாப்பம்" என்றார்கள்.

முன்வீட்டு விறாந்தையில் புது அடுப்பு வைத்தாள். நிருஜா அழுதாள். ஒரு வீட்டிலிருந்து மற்ற வீட்டுக்குச் சாப்பிடப் போகக்கூடாது என்று இரு வீட்டுப் பிள்ளைகளுக்கும் கட்டளை.

மத்தியானம் தவராசா வந்தார். அடுப்பைப் பார்த்தார், பானையைப் பார்த்தார். "சரி அக்கா, தனிச் சமையல்தான். உதவி திரும்பக் கிடைக்கும்."

அந்த நேரம் பார்த்து நிருஜாவின் சின்னமகள் லோஜனா வெறும் சோற்றுக் கோப்பையோடு ஓடிவந்தாள். "பிள்ளை, போகாத!" என்று பின்வீட்டிலிருந்து தாயின் குரல். குழந்தை முற்றத்து நடுவில் நின்றுவிட்டது.

"பெரியம்மா, எங்களோட கோவமோ?"

ஜெயரூபிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சேர்ந்திருக்கிற குடும்பத்தைப் பிரித்துக் காட்டினால்தான் குடும்பத்துக்கு உதவியாம்! எந்தப் புண்ணியவான் இருந்து யோசித்த சட்டமோ! குழந்தையைத் தூக்கிவந்து விறாந்தையில் இருத்தி, சோற்றைப் போட்டு மீன்குழம்பை ஊற்றினாள்.

தவராசா கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நான் ஒண்டும் பாக்கேல்ல அக்கா."

"ஏன் பாக்கேல்ல? வடிவாப் பாருங்கோ! இது என்ர தங்கச்சியின்ர பிள்ளை. இதுக்குச் சோறில்லை எண்டு சொல்ல எனக்கு ஏலாது. நாங்கள் ஒரே உலைதான். எழுதுங்கோ!"

அவர் எழுதும்வரை அவள் விடவில்லை. பிறகு பின்வீட்டைப் பார்த்துக் கத்தினாள்.

"எடியே நிருஜா, மற்றதுகளையும் கூட்டிக்கொண்டு வா. சோறு ஆறுது!"