இரண்டு விரல் வண்டல்

1

மூவாயிரத்து எண்ணூறு ரூபாய். குற்றாலீஸ்வரன் சங்கரேஸ்வரிக்குத் தரவேண்டிய கூலி பாக்கி. இந்தக் கதை அந்தத் தொகையிலிருந்துதான் வந்தது. ஆட்கள் நான் உண்டாக்கியவர்கள். தொகை மட்டும் நிஜம். அது யாருக்கு வரவேண்டியது என்று கேட்காதீர்கள். கட்டட வேலைக்குப் போகிற யாரிடம் கேட்டாலும் இப்படி ஒரு தொகை வைத்திருப்பார்கள்.

இதற்கு முன் எழுதிப் பார்த்த தொடக்கங்களையும் காட்டிவிடுகிறேன்.

குற்றாலத்தில் சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு காலையில்,

இதோடு நிறுத்தினேன். சாரலில் தொடங்கினால் வாசிப்பவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விடுவார்.

ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் முத்துராமலிங்கம் கண்ணாடித் தொட்டியில் நீர்ச்செடி வளர்க்க ஆசைப்பட்டார்.

நல்ல வாக்கியம்தான். ஆனால் அடுத்த வரியிலேயே கதை முடிந்துபோனது. அவர் கடைக்குப் போனார், செடித்தொட்டிக்கென்றே விற்கிற மண்ணை இரண்டு பை வாங்கினார், கொட்டினார், செடி வளர்ந்தது. கையில் காசு இருக்கிறவரை வைத்து மண்ணைப் பற்றிக் கதை எழுத முடியாது. அந்த இரண்டு பையின் விலை ஒரு சித்தாளின் ஒரு வாரக் கூலி. ஆகவே முத்துராமலிங்கத்தை அனுப்பிவிட்டு சித்தாளையே கூட்டிவந்தேன்.

2

சங்கரேஸ்வரி தென்காசிக்காரி. கொத்தனார் பூசுவார், இவள் மணல் சலித்துக் கலவை போட்டுச் சுமப்பாள். குற்றாலம் போகிற சாலையில் குற்றாலீஸ்வரனின் கலர்மீன் கடைக்கு மேடை கட்டி டைல்ஸ் ஒட்டியபோது இவளும் வேலை பார்த்தாள். அந்த வருஷம் அருவியில் குளிக்கத் தடை வருவதும் போவதுமாக இருந்தது. ஆள் வரவில்லை. கடையில் மீன்தான் இருந்தது, வியாபாரம் இல்லை.

"காசு இப்பம் இல்ல சங்கரேஸ்வரி. இந்தா, இந்தத் தொட்டிய லைட்டோட எடுத்துக்க."

"தொட்டிய வச்சு நான் என்ன செய்ய அண்ணாச்சி? சாம்பாரா வைக்க?"

"லாட்ஜ் வச்சிருக்கால்லா நிர்மலாதேவி, வரவேற்பு மேசையில வைக்க செடித்தொட்டி வேணும், நாலாயிரம் தாரேங்கா. மீனு கூட வேண்டாமாம். செடி நான் ஒரு கட்டு தாரேன், நீ வளத்து அவகிட்ட குடுத்துக் காச வாங்கிக்க. உன் பாக்கியும் தீந்துட்டு, மேல இருநூறும் ஆச்சு."

"செடி வராம போச்சுன்னா?"

"தொட்டிய திருப்பிக் குடு. மெதுவா காசு தாரேன்."

அந்த 'மெதுவா'வை சங்கரேஸ்வரி இதற்கு முன்னும் பல வாயில் கேட்டிருக்கிறாள். தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

(இங்கே அந்தப் பணம் அவளுக்கு எதற்கு என்று எழுத வேண்டும் என்று தோன்றியது. மகளுக்குப் பரீட்சைப் பணம் என்று எழுதினேன். புருஷனுக்கு ஆஸ்பத்திரிச் செலவு என்று எழுதினேன். இரண்டையும் அடித்துவிட்டேன். செய்த வேலைக்குக் கூலி. அதற்குக் காரணம் சொல்லி ஏன் கேட்க வேண்டும்?)

3

கட்டட வேலை பார்த்த எனக்கோ சங்கரேஸ்வரிக்கோ மண்ணைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தவறு நடந்ததே அதனால்தான். அதற்கு வருகிறேன்.

தொட்டிக்கு அடியில் என்ன போடலாம்? கடையில் கலர் கல் இருக்கிறது, நீலம், ரோஸ், பச்சை. கல்யாண வீட்டு சீரியல் பல்பு மாதிரி மினுக்கும். செடிக்கு அதில் ஒரு வாய் சோறு கிடையாது. ஆற்று மணல் அருமையான மணல். ஆனால் இன்றைக்கு ஒரு சட்டி அள்ளினால் தொட்டியைப் பார்ப்பதற்கு முன் போலீஸ் ஸ்டேஷனைப் பார்க்க வேண்டிவரும். சாணம் சேர்ந்த தோட்டமண் தண்ணீருக்குள் நாறும். வெள்ளைக் கல் பொறுக்கலாம், ஆனால் எலுமிச்சைச் சாறு விட்டுப் பார்க்க வேண்டும். நுரைத்தால் சுண்ணாம்பு, ஆகாது. கல்லை உடைத்துச் செய்கிற எம்-சாண்டை அப்படியே போட்டால் கல்தூள் தண்ணீரைப் பாலாக்கிவிடும். சலித்தபின் சல்லடையில் தங்குகிற குருணை பரவாயில்லை. கழுவி மேலே போடலாம். வேலை நடக்கிற இடத்தில் அதைக் கொட்டிவிடுவார்கள், விலை இல்லை.

அடியில் போட மிஞ்சியது குளத்து வண்டல். கடையம் ஊரில் ஒரு வயலுக்கு டிராக்டரில் அடித்துப் போட்டிருந்தார்கள். கேட்டு ஒரு சாக்கு வாங்கி பஸ்ஸில் ஏற்றினாள்.

"மூட்டையில என்னம்மா?" என்றார் கண்டக்டர்.

"மண்ணு."

"தென்காசியில இல்லாத மண்ணா?"

"தென்காசி மண்ணுக்கு மேல எல்லாம் சிமிண்டு போட்டாச்சு அண்ணாச்சி. நாந்தான் போட்டேன்."

மூட்டைக்கும் டிக்கெட் கிழித்தார்.

வீட்டு வாசலில் சாக்கைப் பிரித்து, வண்டலைத் தண்ணீரில் போட்டு அலச ஆரம்பித்தாள். பக்கத்து வீட்டு பேச்சித்தாய், இவளோடு வேலைக்கு வருகிறவள், எட்டிப் பார்த்தாள்.

"ஏட்டி, மீனுக்கு வீடு கட்டுதியா?"

"மீனு இல்லட்டி. செடிக்கு."

"அது சும்மாவே தரையில மொளைக்குமேட்டி. அதுக்குப் போய் கண்ணாடி வீடா? உன் வீட்டு ஜன்னலுக்குக் கண்ணாடி இல்ல."

சங்கரேஸ்வரி அலசிக்கொண்டே இருந்தாள். தண்ணீர் தெளிகிறவரை விடவில்லை.* ஒரு சாக்கு வண்டல் ஒரு தட்டுக் குறுமணலாக நின்றது. தோய்த்த வேட்டி மாதிரி சுத்தம். அவளுக்குத் திருப்தி. அதைத் தொட்டியில் பரப்பிச் செடியை நட்டாள். கலங்கல் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றினால் அடைத்துக்கொள்ளும் என்று வாளியிலேயே விட்டாள். செடிக்கட்டில் ஒடிந்த தண்டுகளையும் அதற்குள் எறிந்தாள்.

* பூச்சுக்கு மணல் வந்தால் பாட்டிலில் போட்டுத் தண்ணீர் விட்டுக் குலுக்குவோம். மேலே சேறு தடிமனாகப் படிந்தால் லோடைத் திருப்பிவிடுவோம். மணலில் மண் இருந்தால் சுவர் நிற்காது. இருபது வருஷம் இதையே செய்த கை, வேறு எதைச் செய்யும்?

4

தொட்டியில் செடி மஞ்சளித்தது. பிறகு இலை கண்ணாடி மாதிரி ஆனது. பிறகு தண்டு கையோடு வந்தது.

அழுகியதை வாளியில் போடப் போனவள் நின்றாள். வாளியில் சேறு அடியில் படிந்து, மேலே தெளிந்த தண்ணீரில் ஒடிந்த தண்டுகள் பச்சையாக நிமிர்ந்து நின்றன. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தாள். வெள்ளை வேர், விரல் நீளம்.

(வாசகர் இங்கே, இது கதைக்காக வைத்த வாளி என்பார். நானும் சந்தேகப்பட்டேன். வாளியை எடுத்துவிட்டு, தெரிந்த ஒருவர் வந்து விளக்குவதாக மாற்றி எழுதினேன். வந்தவர் இரண்டு பக்கம் பேசினார். அவரைப் போகச் சொல்லிவிட்டு வாளியைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தேன்.)

"ஏட்டி பேச்சி," என்று கூப்பிட்டாள். "சோத்தக் கழுவி ஊத்திட்டு, தட்ட வச்சுல்லா செடியச் சாப்பிடச் சொல்லியிருக்கேன்."

5

தொட்டியைக் காலி செய்தாள். வாளிச் சேற்றை அடியில் இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்பினாள். அதன்மேல் கழுவிய குருணையை மூடி போட்ட மாதிரி போட்டு, வாளியில் வேர்விட்ட தண்டுகளை நட்டாள். மண் கலையாமல் இருக்க நடுவில் ஒரு தட்டை வைத்து, அதன்மேல் செம்பு செம்பாகத் தண்ணீர் விட்டாள். அப்படியும் கலங்கியது. அந்த வழியாக வந்த குற்றாலீஸ்வரன் பார்த்துவிட்டு, "இது செடித்தொட்டியா, கட்டஞ்சாயாவா?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

சில நாளில் தெளிந்தது. செடி முதலில் அடியில் ஓடி வேர் பிடித்தது, பிறகு மேலே எழுந்தது. லைட்டைப் போட்டால் இலைகளில் முத்து முத்தாகக் காற்று நின்றது. பேச்சித்தாய் ஜன்னலைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு, தண்ணி குடிக்கிற சாக்கில் வந்து உட்கார ஆரம்பித்தாள்.

6

குற்றாலீஸ்வரன் மறுபடி வந்தபோது வாசலில் ஆட்டோ நின்றது. தொட்டியைக் குனிந்து, நிமிர்ந்து, மறுபடி குனிந்து பார்த்தார்.

"உனக்கு எதுக்கு அலைச்சல்? லாட்ஜ்ல நானே கொண்டு குடுத்துருதேன். இந்தா உன் பாக்கி, மூவாயிரத்து எண்ணூறு. முழுசா இருக்கு."

சங்கரேஸ்வரிக்குப் புரிந்துவிட்டது. இத்தனை நாள் இல்லாத காசு இன்றைக்குச் சட்டைப்பையில் இருக்கிறதென்றால், லாட்ஜில் நாலாயிரத்துக்கு மேலே பேசி முடித்தாகிவிட்டது.

முதல் முடிவில் அவள் காசை வாங்கிக்கொண்டு தொட்டியைக் கொடுத்தாள். எழுதியபின் படித்துப் பார்த்தேன். ஆட்டோ போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றாளே தவிர, என் பக்கம் திரும்பவே இல்லை. கிழித்துவிட்டேன்.

இரண்டாவது முடிவில் தெருவே கூடும்படி அவளைச் சண்டை போடவைத்தேன். அவர் காசைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார், மறுபடியும் 'மெதுவா'. அதுவும் வேண்டாம்.

மூன்றாவது இது.

அவள் காசை வாங்கி எண்ணினாள். சரியாக இருந்தது.

"கணக்கு தீந்துட்டா?" என்றார்.

"தீந்துட்டு அண்ணாச்சி. இனி நீங்க எனக்கு ஒரு பைசா தரவேண்டாம்." காசை இடுப்பில் செருகினாள். "தொட்டிய என்கிட்ட எப்பிடிக் குடுத்திய?"

"எப்பிடின்னா? வெறுந்தொட்டியாத்தான்."

"அப்பம் வெறுந்தொட்டியா எடுத்துக்கிடுங்க."

தண்ணீர் மாற்றுகிற டியூபை எடுத்து, ஒரு முனையைத் தொட்டிக்குள் விட்டு, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சி வாளிக்குள் போட்டாள். தண்ணீர் இறங்க ஆரம்பித்தது.

"ஏ, என்ன செய்யுத? நிறுத்து."

"கண்ணாடி உங்களுது. செடி ஒரு கட்டு குடுத்திய, ஒரு கட்டு எண்ணித் தாரேன். வளந்ததும் மண்ணும் என்னுது."

குற்றாலீஸ்வரன் ஆட்டோவைப் பார்த்தார். இறங்குகிற தண்ணீரைப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை, வியாபாரி. "சரி," என்றார். "மண்ணோட, செடியோட அப்படியே தா. அதுக்கு என்ன வேணும், சொல்லு."

சங்கரேஸ்வரி ஒரு தொகை சொன்னாள்.

அதை நான் எழுதப்போவதில்லை. பாக்கி தீர்ந்தது, என் கணக்கு அதோடு சரி. இது புது வேலைக்குப் புதுக் கூலி. கடையத்திலிருந்து மூட்டை வந்ததையும், கழுவிக் கெட்டதையும், மறுபடி செய்ததையும் கூட இருந்து பார்த்தவர் நீங்கள். நீங்களே போடுங்கள்.

ரூ. __________

யோசித்துப் போடுங்கள், ஆனால் ரொம்ப நேரம் எடுக்காதீர்கள். டியூப் இன்னும் தொட்டிக்குள்தான் இருக்கிறது.